மேற்கின் பதினைந்து பயிற்சியாளர்களுக்கு: ரூடி கோபேர் விஷயமாக

மதிப்புக்குரிய என்.பி.ஏ. மேற்கு கான்ஃபரன்ஸ் தலைமைப் பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் யாருக்கும் தமிழ் படிக்க வராது. இந்த மடல் உங்கள் மேசைக்கு வந்து சேரப்போவதும் இல்லை. ஆனால் உங்கள் என்.பி.ஏ. லீகின் கூடைப்பந்து ஆட்டங்களை விடியற்காலையில் எழுந்து பார்க்கிற கூட்டம் ஒன்று இங்கே உண்டு. மின்னசோட்டாவில் இரவு ஏழு மணிக்குப் பந்தை மேலே போட்டால் இங்கே காலை ஆறரை. முதல் காபி ஆறுவதற்குள் முதல் குவார்ட்டர் முடிந்துவிடும். அப்படிப் பல வருடமாகத் தூக்கம் கெட்டவனுக்கு ஒரு புகார் எழுதும் உரிமையாவது இருக்கும் என்று நினைக்கிறேன்.

புகார் ரூடி கோபேரைப் பற்றி. 2022 வரை யூட்டாவுக்கும் அதன்பிறகு மின்னசோட்டாவுக்கும் ஆடிய சென்டர், அதாவது ரிங்குக்குப் பக்கத்தில் நின்று தடுக்கிற உயரமான ஆள். பிரெஞ்சுக்காரர் என்பதால் பெயரின் கடைசி எழுத்தை விழுங்கிவிட வேண்டும். எங்கள் பக்கம் பாதிப் பேர் "கோபர்ட்" என்றே சொல்கிறார்கள். திட்டும்போது உச்சரிப்பை யார் பார்க்கிறார்கள்?

முதலில் கணக்கு. ஆண்டின் சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருதை அவர் நான்கு முறை வாங்கியிருக்கிறார்: 2018, 2019, 2021, 2024. அந்த விருதை நான்கு முறை வாங்கியவர்கள் வரலாற்றிலேயே மூன்று பேர்தான். மற்ற இருவர் டிகெம்பே முட்டோம்போவும் பென் வாலஸும். ஐந்து முறை வாங்கியவர் எவரும் இல்லை. இப்போது ஆல்-ஸ்டார் பக்கம் வாருங்கள், பிப்ரவரியில் கிழக்கிலும் மேற்கிலும் பன்னிரண்டு சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுத்து நடத்துகிற ஆட்டம் அது. முட்டோம்போ எட்டு முறை, வாலஸ் நான்கு முறை, கோபேர் மூன்று முறை. அந்த மூன்றும் 2020, 2021, 2022. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பொருந்துவது 2021 மட்டும்தான். மற்ற மூன்று வருடமும், உலகத்திலேயே சிறந்த டிஃபென்ஸ் ஆடியவர் என்று வருடக் கடைசியில் பெயர் வாங்கிய ஆள், பிப்ரவரியில் மேற்கின் முதல் பன்னிரண்டு பேருக்குள் வரவில்லை.

2018ஐ நானே விட்டுக்கொடுக்கிறேன். காயத்தால் 26 ஆட்டம் ஆடவில்லை, அந்த வருடம் எடுக்காதது நியாயம். மற்ற இரண்டு வருடத்துக்குத்தான் உங்களிடம் பதில் கேட்கிறேன்.

உங்களிடம் ஏன் என்றால், மாற்று வீரர்கள் ஏழு பேரைத் தேர்ந்தெடுப்பது நீங்கள்தான். முதல் ஐந்து பேர் விஷயத்தில் ரசிகர்களுக்குப் பாதி, வீரர்களுக்குக் கால், பத்திரிகையாளர்களுக்குக் கால் என்று பங்கு பிரித்தது 2017இல். அதற்கு முன் எல்லாமே ரசிகர் ஓட்டு. 2016இல் ஜார்ஜியா நாட்டு ஸாஸா பச்சூலியா, நல்ல மனிதர், உழைப்பாளி, ஆனால் ஆல்-ஸ்டார் என்று அவர் வீட்டில்கூடச் சொல்ல மாட்டார்கள், கவாய் லெனர்டைவிடச் சுமார் 14,000 ஓட்டுதான் குறைவாக வாங்கினார். பழைய விதியே இருந்திருந்தால் மறுவருடம் உள்ளேயே போயிருப்பார். ரசிகர்கள் விளையாட்டாகத்தான் ஓட்டுப் போடுவார்கள். அது அவர்கள் உரிமை, நானும் போட்டிருக்கிறேன். பயிற்சியாளர்கள் அப்படிப் போட மாட்டார்கள், வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறவர்கள் என்ற நம்பிக்கையில்தான் மீதி ஏழு இடம் உங்கள் கையில் இருக்கிறது.

அந்த நம்பிக்கை 2019இல் என்ன ஆனது? அந்த சீசனில் அவர் சராசரி 15.9 புள்ளி, 12.9 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது). நீங்கள் எடுத்த பெரிய ஆட்கள் ஆன்டனி டேவிஸ், நிகோலா யோகிச், லமார்கஸ் ஆல்ட்ரிஜ், கார்ல்-ஆன்டனி டவுன்ஸ். ஒருவரும் சாதாரண ஆள் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சீசன் முடிந்ததும் மொத்த லீகின் சிறந்த பதினைந்து பேர் பட்டியலில், அந்த ஆல்-என்.பி.ஏ. அணிகளில், கோபேர் இருந்தார். ஆல்ட்ரிஜும் டவுன்ஸும் இல்லை. இதே கூத்து 2017லும் நடந்திருக்கிறது. பிப்ரவரியில் வெளியே, சீசன் கடைசியில் ஆல்-என்.பி.ஏ. இரண்டாம் அணியில் உள்ளே.

2019இல் பெயர் இல்லை என்று தெரிந்த பிறகு அவர் நிருபர்கள் முன் அழுதார். அம்மா போன் செய்து அழுதார் என்று சொல்லும்போது குரல் உடைந்தது. பிரான்ஸில் சாந்-காந்தான் என்ற ஊரில் தனியாளாக அவரை வளர்த்த அம்மா. அதற்கு உலகம் என்ன செய்தது? சிரித்தது. சக வீரர்கள் கிண்டல் போட்டார்கள். ஏழடி ஒரு அங்குல மனிதன் அழுதால் ஏன் சிரிப்பு வருகிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சரி, 2024. இதில்தான் எனக்குக் கோபம் அதிகம்.

அந்த வருடம் மின்னசோட்டா டிம்பர்வூல்வ்ஸ் லீகிலேயே முதல் டிஃபென்ஸ். சீசன் முடிவில் 56 வெற்றி, 26 தோல்வி. பயிற்சியாளரை முடிவு செய்யும் கெடு தேதி அன்று மேற்கில் முதலிடத்தில் இருந்ததால் ஆல்-ஸ்டாருக்கு மேற்கு அணியின் பயிற்சியாளராகப் போனவரே உங்களில் ஒருவர், மின்னசோட்டாவின் கிறிஸ் ஃபின்ச். ஆன்டனி எட்வர்ட்ஸ் போனார், டவுன்ஸ் போனார். அந்த அணியை முதலிடத்தில் வைத்தது எது என்று கேட்டால் டிஃபென்ஸ் என்று சின்னப் பையனும் சொல்வான். அந்த டிஃபென்ஸின் தூண் வீட்டில் இருந்தார். சொந்த அணி வீரருக்கு ஓட்டுப் போடக்கூடாது என்பது விதி, அதனால் ஃபின்ச்சைக் குறை சொல்ல முடியாது. மீதி பதினான்கு பேர்தான் எனக்குக் கணக்கு சொல்ல வேண்டும்.

அதே சீசனில் டிஃபென்ஸ் விருதுக்கு ஓட்டுப் போட்ட 99 பத்திரிகையாளர்களில் 72 பேர் கோபேரை முதலிடத்தில் வைத்தார்கள். பத்திரிகைக்காரர்களுக்கு ஆட்டம் தெரியாது என்று ஓய்வறையில் நீங்கள் சொல்லிக்கொள்வீர்கள். இந்த விஷயத்தில் யாருக்குத் தெரிந்திருக்கிறது?

அவர் செய்யும் வேலை ஸ்கோர் ஷீட்டில் ஏறாது. உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். பந்தைக் கொண்டுவரும் எதிரணி கார்டு, தடுப்பாக நிற்கும் சக வீரரை, அந்த ஸ்கிரீனைச் சுற்றிக்கொண்டு உள்ளே வருகிறார். கோபேர் ரிங்குக்கு முன்னால் இரண்டு எட்டில் நிற்கிறார். முழங்கால் மடிந்திருக்கிறது, தரையில் தட்டித் தரும் பவுன்ஸ் பாஸைத் தடுக்க ஒரு கை கீழே, உயரத் தூக்கிப் போடும் லாபைத் தடுக்க இன்னொரு கை மேலே. கார்டு மேலே பார்க்கிறார். ஒரு டிரிபிள் கூடுதலாகப் போடுகிறார். பேஸ்லைன் வழியாக ரிங்குக்குக் கீழே ஓடி மறுபக்கம் வெளியே வந்துவிடுகிறார். பந்து கார்னருக்குப் போகிறது, அங்கிருந்து மேலே வருகிறது, ஷாட் போட வேண்டிய கெடுவைக் காட்டும் ஷாட் கிளாக்கில் நான்கு விநாடி மிச்சம். யாரோ ஒருவர் கை கால் எல்லாம் கோணி ஒரு ஷாட் எறிகிறார், போர்டில் பட்டு வருகிறது. ரீபவுண்ட் எடுத்தவர் பெயர் ஷீட்டில் ஏறும். ஷாட்டைத் தவறவிட்டவர் பெயர் ஏறும். அந்த கார்டு ஏன் ரிங்குக்கு அருகில் போய் லே-அப் போடாமல் ஓடினார் என்று எழுத ஷீட்டில் கட்டம் கிடையாது.

அடுத்த தடவை அவர் கையைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். ஆள் பிடிக்காமல் ரிங்குக்கு முன்னால் உள்ள பெயிண்ட் கட்டத்துக்குள் மூன்று விநாடி நிற்கக்கூடாது என்பது விதி. அவர் உள்ளே இரண்டு விநாடி, ஒரு கால் வெளியே, மறுபடி உள்ளே என்று ஒரு ஆட்டம் முழுக்க அதைச் செய்துகொண்டே இருப்பார். கோலம் போடுகிறவர்கள் புள்ளிக்குப் புள்ளி நகர்கிற மாதிரி இருக்கும். இதை ஆட்டத்துக்கு எத்தனையோ தடவை செய்கிற ஒருவரைச் சோம்பேறி, உயரத்தால் பிழைக்கிறவர் என்று சொல்லக் கேட்டால் எரிச்சல் வரும்.

இந்த எரிச்சலில் சொந்தக் கதை ஒன்றும் கலந்திருக்கிறது, மறைக்கவில்லை. கல்லூரி அணியில் நான் சென்டர். ஆறடி ஒரு அங்குலம், எங்கள் அணிக்கு அதுவே மலை. கோச் எனக்குச் சொன்ன முழுப் பாடமும் இதுதான்: "போர்டுக்குக் கீழே நில்லு, ஸ்கிரீன் போடு, பந்து கையில் வந்தால் உடனே கொடுத்துடு." இரண்டு வருடம் நெஞ்சில் அடி வாங்கினேன். மண்டலப் போட்டியில் ஜெயித்த பிறகு எடுத்த போட்டோவில் ஓரத்தில் நிற்கிறேன், பாதித் தோள் வெட்டுப்பட்டிருக்கிறது.

இப்போது அவர் மேல் சொல்லும் குற்றங்கள். பொய் என்று சொல்ல மாட்டேன், பல உண்மை.

கை வெண்ணெய். உள்ளே கொடுத்த நல்ல பாஸ் நழுவி வெளியே போவதை நானே தலையில் அடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். தன்னைவிட அரை அடி குட்டையானவர் பின்னால் நின்றாலும் முதுகைக் காட்டி ஒரு ஹூக் போட்டு முடிக்க வராது. ஃப்ரீ த்ரோ சுமார்தான். கோபக்காரர்: 2023 ஏப்ரலில் டைம்-அவுட்டில் சொந்த அணிக்காரரான கைல் ஆண்டர்சனையே குத்தினார். 2024 மார்ச்சில் க்ளீவ்லாந்தில் நடுவர்களைப் பார்த்துப் பணம் எண்ணுகிற மாதிரி விரலைத் தேய்த்துக் காட்டி டெக்னிக்கல் ஃபவுல் வாங்கினார், ஒரு லட்சம் டாலர் அபராதம். அந்த ஆட்டமும் கையைவிட்டுப் போனது. முட்டாள்தனம், வேறு பெயர் கிடையாது.

2020 மார்ச்சில் கோவிட்டை வேடிக்கையாக நினைத்து நிருபர்களின் மைக்கை எல்லாம் தொட்டுவிட்டுப் போனார். இரண்டு நாளில் அவருக்கே தொற்று உறுதியாகி, லீகே நின்றது. அதற்கு மன்னிப்புக் கேட்டார், அரங்க ஊழியர்களுக்கும் நிவாரணத்துக்கும் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார். அந்த வாரம் உலகம் முழுக்க எத்தனை பெரிய மனிதர்கள் அதையே அலட்சியமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். மைக் மட்டும் இவர் முன்னால் இருந்தது.

விளையாட்டைப் பற்றிய குற்றச்சாட்டில் பெரியது, சீசனுக்குப் பிறகு நடக்கும் பிளே-ஆஃபில் இவரை வெளியே இழுத்துவிட்டால் ஒன்றுமில்லை என்பது. சாட்சியாக 2021 ஜூன் 18ஐக் காட்டுவார்கள். யூட்டா 25 புள்ளி முன்னிலையைக் கோட்டைவிட்டு க்ளிப்பர்ஸிடம் 131-119 என்று தோற்ற இரவு. டெரன்ஸ் மான் 39 புள்ளி. கார்னரில் மான் தனியாக நின்று போட, கோபேர் ஓடிவந்து கை தூக்குவதற்குள் பந்து போய்விட்டது. அந்த வீடியோவை மறுபடி போடுங்கள், ஆனால் ஐந்து விநாடி முன்னாலிருந்து. யூட்டாவின் கார்டுகள் வாசல் திறந்து விட்டதுபோல ஒவ்வொருவராக ஏமாறுகிறார்கள். உள்ளே வருகிறவனை நிறுத்தப் போனால் கார்னர் காலி, கார்னரைப் பிடித்தால் லே-அப். முன்வாசல், பின்வாசல் இரண்டையும் ஒரே ஆள் காவல் காக்கச் சொல்லிவிட்டு, திருடு போனதும் காவல்காரனை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். 2024 மேயில் லூக்கா டோன்சிச் மூன்று விநாடி இருக்கும்போது அவர் முன்னாலேயே பின்வாங்கி ஒரு த்ரீ, அதாவது மூன்று புள்ளி ஷாட், போட்டு 109-108 என்று முடித்தாரே, அது வேறு. அதில் கோபேர் தோற்றார். டோன்சிச் அப்படித் தோற்கடிக்காத ஆள் யார் என்று மட்டும் கேட்பேன்.

அதே பிளே-ஆஃபில் நடந்த இன்னொன்று எனக்கு மறக்காது. டென்வருக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்துக்கு அவர் வரவில்லை, மகன் பிறந்திருந்தான். மின்னசோட்டா 106-80 என்று நொறுக்கியது. உடனே தொடங்கிவிட்டார்கள்: பார்த்தீர்களா, அவர் இல்லாவிட்டால்தான் அணி நன்றாக ஆடுகிறது. வந்தாலும் குற்றம், வராவிட்டாலும் குற்றம். அந்தத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் 20 புள்ளி பின்தங்கி, திரும்பி வந்து 98-90 என்று ஜெயித்தார்கள். அதில் ஷாட் கிளாக் தீரும் நேரத்தில் யோகிச்சுக்கு எதிராகத் திரும்பிப் பின்னால் சாய்ந்து கோபேர் போட்ட ஷாட் ஒன்று உண்டு. அவர் வாழ்நாளில் அப்படி எத்தனை போட்டிருப்பார் தெரியாது, போட்ட அவருக்கே ஆச்சரியம். நான் கத்திய கத்தில் கீழ் வீட்டு மாமி கதவைத் தட்டினார்.

வீரர்களுக்கே அவரைப் பிடிக்காது என்பதும் ஒரு வாதம். 2024இல் தி அத்லெடிக் என்ற விளையாட்டுச் செய்தித்தளம் பெயர் வெளியிடாமல் வீரர்களிடம் கேட்டபோது, தகுதிக்கு மேல் புகழப்படுபவர் என்ற கேள்விக்கு அதிகம் பேர் சொன்னது அவர் பெயர். சில வாரத்தில் நான்காவது டிஃபென்ஸ் விருது வந்தது. 2021 ஆல்-ஸ்டாருக்கு லெப்ரான் ஜேம்ஸும் கெவின் டுரான்ட்டும் கேப்டன்களாக டிவியில் ஆள் பிரித்தபோது கடைசி வரை மிஞ்சியவர்கள் யூட்டாவின் இரண்டு பேர், அதில் ஒருவர் இவர். 2022லும் கடைசி இரண்டில் ஒருவர். அந்தத் தடவை எடுக்க வேறு ஜேம்ஸ் ஹார்டன் மட்டுமே இருந்ததால், அவரை அப்போதுதான் பிரிந்திருந்த டுரான்ட் சிரித்துக்கொண்டே கோபேரைக் கூப்பிட்டார். தெருவில் ஆள் பிரிக்கும்போது கடைசியாக நிற்கிற பையனை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பையன் அணியில் இருந்தால் எதிரணிக்கு ஸ்கோர் ஏறாது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

உங்கள் பக்க நியாயத்தையும் பார்க்கிறேன். 2013 ஆல்-ஸ்டாரிலிருந்து வாக்குச்சீட்டில் சென்டர் என்று தனி இடம் கிடையாது. முன்வரிசை என்று ஒரே கூடையில் போட்டுவிட்டார்கள். 2003இல் சராசரி ஏழு புள்ளிகூட எடுக்காத பென் வாலஸை ரசிகர்களே கிழக்கின் முதல் ஐந்துக்குள் அனுப்பினார்கள். சென்டர் இடம் என்று ஒன்று இருந்ததால் அது முடிந்தது. கோபேர் போட்டியிட வேண்டியது லெப்ரானோடும் டுரான்ட்டோடும். 2024இல் உங்கள் சீட்டில் முன்வரிசைக்கு மூன்று, பின்வரிசைக்கு இரண்டு, விருப்பத்துக்கு இரண்டு. நீங்கள் எடுத்தவர்கள் ஸ்டெஃப் கறி, புக்கர், எட்வர்ட்ஸ், டேவிஸ், ஜார்ஜ், லெனர்ட், டவுன்ஸ். யாரை நீக்குவாய் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

டவுன்ஸை. மின்னசோட்டா ரசிகர்கள் என்னை அடிக்க வருவார்கள். 21.8 புள்ளி எடுத்தவர், பெரிய ஆட்களில் அவர் மாதிரி த்ரீ போடுகிறவர் இல்லை. ஆனால் அவர் அந்த வருடம் ஃபார்வர்டாக நிம்மதியாக ஆட முடிந்தது எதனால்? தப்பு செய்தால் பின்னால் ஒருவர் நிற்கிறார் என்பதால். அந்தப் பின்னால் நின்றவருக்குத்தான் நான் இடம் கேட்கிறேன். டவுன்ஸ் அந்த ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் 50 புள்ளி எடுத்தார் என்று நினைவூட்டுவீர்கள். ஆமாம், எடுத்தார். மேற்கு 186 எடுத்தது, கிழக்கு 211 எடுத்தது. கையைத் தூக்க ஒருவரும் இல்லை. கோப்பையைக் கொடுக்க வந்த கமிஷனர் ஆடம் சில்வரின் முகத்தைப் பார்த்தீர்களா? கல்யாண வீட்டில் சாப்பாடு தீர்ந்துபோனதை அறிவிக்க வந்தவர் மாதிரி இருந்தது. மறுவருடமே ஆட்டத்தின் வடிவத்தை மாற்ற வேண்டி வந்தது. தடுக்கத் தெரிந்தவர்களை வீட்டில் உட்காரவைத்துவிட்டு யாருமே தடுப்பதில்லையே என்று கவலைப்பட்டால் என்ன செய்வது?

2025இல் எடுக்கவில்லை, அதில் எனக்கு வருத்தமில்லை. சீசன் முதல் பாதி அவருக்கு மந்தம்தான், மேற்கின் மற்ற பெரிய ஆட்களான வெம்பன்யாமாவும் ஷெங்குனும் நன்றாக ஆடினார்கள். வருடா வருடம் கண்ணை மூடிக்கொண்டு இடம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்புறம் அந்த வருடம் மே முதல் தேதி வந்தது. இங்கே மே தின விடுமுறை, அங்கே ஏப்ரல் 30 இரவு. லேக்கர்ஸ் தொடரின் ஐந்தாவது ஆட்டம். அந்தத் தொடரில் அதுவரை அவர் ஆளே தெரியவில்லை, டிவியில் மறுபடி அதே பாட்டு. மின்னசோட்டா அன்று 47 த்ரீ எறிந்து 7தான் போட்டது. அந்தக் கணக்கில் எந்த அணியும் தோற்க வேண்டும். லேக்கர்ஸ் சென்டரே இல்லாமல் குட்டை ஆட்களை வைத்து ஆடிப் பார்த்தது. தவறிய ஒவ்வொரு த்ரீக்கும் கீழே ஒரு நீளக் கை. 27 புள்ளி, 24 ரீபவுண்ட். 103-96, தொடர் முடிந்தது. வெளியே இழுத்தால் ஒன்றுமில்லாத ஆள் என்றார்களே, அவரை உள்ளே விட்டால் என்ன ஆகும் என்பதை அன்று மெனக்கெட்டு மூன்று நான்கு தடவை பார்த்தேன்.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த தடவை வாக்குச்சீட்டு வரும்போது உடனே நிரப்பாதீர்கள். அந்த சீசனில் அவர் அணியோடு ஆடுவதற்கு முதல் நாள் உங்கள் உதவியாளர்கள் தயாரித்துக் கொடுத்த குறிப்பை எடுங்கள். லே-அப்புக்குப் போகாதே, தள்ளி நின்றே உயர மிதக்கவிட்டு ஃப்ளோட்டர் போடு, அவரைக் கார்னருக்கு இழு, அவர் பெஞ்சில் உட்காரும் அந்த ஐந்து நிமிடத்தில் உள்ளே தாக்கு என்றெல்லாம் எழுதியிருக்கும். அதில் எத்தனை வரி அவரைப் பற்றி என்று விரல் விட்டு எண்ணுங்கள். எண்ணிவிட்டு, சீட்டை எடுத்து நிரப்புங்கள்.

இப்படிக்கு,
போட்டோவில் பாதித் தோளோடு நிற்கும் ஒரு பழைய சென்டர்